அரசு கட்டித்தரும் பொது வீடமைப்புக்குப் பணம்: சொத்து வரியா, வருமான வரியா?

சொத்து வரியில் ஒரு வசதி, வீட்டை ஒளித்து வைக்க முடியாது. ஆனால் அது வீட்டின் மதிப்பைத்தான் பார்க்கும், கையிருப்பைப் பார்க்காது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் மூதாட்டிக்கு, அக்கம்பக்கத்தில் விலை ஏறினால் வரியும் ஏறும். ஓய்வூதியம் அப்படியே இருக்கும். வாடகைக்காரரும் தப்ப முடியாது, உரிமையாளர் முடிந்தவரை அதை வாடகையில் ஏற்றிவிடுவார். அப்புறம், பொது வீடு அதிகம் தேவைப்படும் ஏழைப் பகுதியில்தான் வசூலும் குறைவு.

வருமான வரி சம்பாத்தியத்தோடு ஏறி இறங்கும். ஆனால் அது அரசின் பொதுக் கணக்கில் கலந்துவிடுவதால், பட்ஜெட் வெட்டு வந்தால் வீடமைப்பு நிதி எளிதில் பலியாகும் என்பதுதான் சிக்கல்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா 1923-இல் அடுக்கு முறையில் வீட்டு வரி போட்டு, ஆடம்பர வீடுகளிடம் அதிகம் வாங்கியது. அதுவும் பிற வரிப்பணமும் சேர்ந்து 1934-க்குள் சுமார் 60,000 குடியிருப்புகள் எழுந்தன. அப்படி அடுக்கு வைத்தால் சரி, சொத்து வரிக்கே என் ஓட்டு. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றால் வருமான வரிக்கு.