டைப் 1 பெற்றோர் குழுவுக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி சரிப்படுமா?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆன்லைனில் ஓர் ஆதரவுக் குழு வேண்டுமென்றால், நம்மூரில் முதலில் கை போவது வாட்ஸ்அப்புக்குத்தான். 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதி பல குழுக்களை ஒன்றாகக் கோத்து, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புக் குழுவையும் தருகிறது. இந்த வேலைக்கு அது எவ்வளவு தேறும் என்பதே இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 5க்கு 3. ஆட்களைச் சேர்க்க இதைவிட லகுவானது இல்லை. பாட்டி வரைக்கும் போனில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் மதித்துப் பேசவும், கண்டபடி டோஸ் சொல்லாமல் இருக்கவும், மருந்து விற்காமல் இருக்கவும் இந்தச் செயலி தானாக எந்த ஒத்தாசையும் செய்யாது. செய்திகள் முனைக்கு முனை குறியாக்கத்தில், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் படிக்கும்படி போவதால், யாராவது புகார் செய்தாலொழிய நிறுவனம் எட்டிப் பார்க்காது. கண்காணிப்பு முழுக்க அட்மின்கள் தலையில்தான்.

பெரிய குறை போன் நம்பர். கம்யூனிட்டியில் சேர்ந்து அறிவிப்புக் குழுவோடு நின்றுகொண்டால் உங்கள் நம்பர் அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு பேச்சுக் குழுவில் கால் வைத்ததும் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ‘பொம்பளைப் புள்ளைக்குச் சுகர்னு வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணப் பேச்சுல இடிக்கும்’ என்று பயந்து சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாத வீடுகள் நிறைய. அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இணைப்பைக் கொடுக்கும்போதே மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: புரொஃபைல் படத்தை ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள், பெயரை ‘கவின் அம்மா’ மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக் குழுவில் சேராமல் அறிவிப்புகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நம்பர் வெளியே தெரிவதால் வரும் இன்னொரு தொல்லை அட்மின் கண்ணிலேயே படாது. மூலிகைப் பொடி விற்கிற ஒருவர் பெற்றோர் மாதிரி உள்ளே வருவார். குழுவில் வாயே திறக்க மாட்டார். நம்பர்களை எடுத்துக்கொண்டு தனித்தனியாக மெசேஜ் போடுவார். ‘அட்மின் அனுமதித்தால்தான் சேர முடியும்’ என்ற அமைப்பைப் போட்டுவைத்து, விண்ணப்பிப்பவரிடம் தனியாக மூன்று கேள்வி கேட்பதுதான் இதற்கு ஓரளவு அணை. பிள்ளைக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்கள்? இன்சுலின் போடுவது சிரிஞ்சா, பென்னா, பம்பா? சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது எந்த இன்சுலின்? வீட்டில் டைப் 1 பிள்ளை உள்ளவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். டைப் 1க்கு இன்சுலின்தான் என்பதால், ‘சுகர் மாத்திரை போடுறோம்’ என்று பதில் வந்தால் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். அழைப்பு இணைப்பை மாதம் ஒருமுறை ரீசெட் செய்துவிடுங்கள். பழைய இணைப்பு எந்தெந்த ஃபார்வர்டில் சுற்றிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

குழுக்களை எப்படிப் பிரிப்பது? மூன்று போதும். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று, சாப்பாடு-பள்ளிக்கூடம் ஒன்று, மனசு விட்டுப் பேச ஒன்று. பம்புக்குத் தனி, சுகர் பார்க்கும் சென்சாருக்குத் தனி, ஊருக்கு ஒன்று என்று பிரித்தால் ஒவ்வொன்றிலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், கேள்விக்குப் பதில் வராது. பதில் வராத குழுவில் இரண்டாவது கேள்வியும் வராது. மனசு குழுவில் மட்டும் மறையும் செய்திகளை 90 நாளுக்கு வையுங்கள். சாப்பாட்டுக் குழுவில் வேண்டாம். இட்லிக்கும் புட்டுக்கும் எவ்வளவு மாவுச்சத்து என்று யாரோ மெனக்கெட்டு எழுதியது காணாமல் போய்விடும். 2025இல் வந்த ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’யை மூன்றிலும் போட்டுவைக்கலாம். உரையாடலை ஏற்றுமதி செய்வதையும், படங்கள் தானாகப் போனில் இறங்குவதையும் அது தடுக்கும். ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அதனால் பிள்ளையின் படம், பெயர் தெரியும் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விதிகள் ஐந்தைத் தாண்டக் கூடாது. இருபது விதி எழுதினால் எழுதியவர் மட்டும்தான் படிப்பார். டோஸ் எண் எழுதாதே. இன்சுலினை நிறுத்தச் சொல்லாதே. விற்காதே. யாரையும் குறை சொல்லாதே. இங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகாதே. இவ்வளவுதான், குழு விவரத்தில் முதல் வரிகளாக இருக்கட்டும். இதில் முதல் விதிக்குத்தான் தினமும் சண்டை வரும். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று உறுப்பினர்களுக்கு விளக்காவிட்டால் ‘அட்மின் ரொம்ப ஓவரா பண்றாங்க’ என்பதில் போய் முடியும்.

காரணம் இது. இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது. கடையில் வாங்கும் பாட்டில் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். பென்னில் போடும் கார்ட்ரிட்ஜ் யு-100. சில இன்சுலின் பாட்டிலிலும் யு-100ஆக வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் யு-40க்கு, ஆரஞ்சு மூடி யு-100க்கு. யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு. ‘என் பையனுக்கு 10 போட்டேன், சரியாயிடுச்சு’ என்று ஒரு அம்மா நல்ல மனசோடு எழுதும் வரியில் சிரிஞ்ச் எது, மருந்து எது, பையன் எத்தனை கிலோ என்று எதுவும் இருக்காது. படிக்கிறவர் ராத்திரி பதினொரு மணிக்குப் பதற்றத்தில் இருப்பவர்.

சுகர் அளவிலும் இதே கூத்து. இந்தியாவிலும் இலங்கையிலும் டெசிலிட்டருக்கு இத்தனை மி.கி. என்று கணக்கு. லண்டன், கனடா, மலேசியா, சிங்கப்பூரில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். மில்லிமோலை மி.கி. ஆக்க 18ஆல் பெருக்க வேண்டும். லண்டனிலிருந்து ஒருவர் ‘காலையில 5.8’ என்று போட்டால் அது 104. இங்கே ஒருவர் அதை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் சோதனை) என்று நினைத்து வாழ்த்துச் சொல்வார். வெளிநாட்டுத் தமிழர்களும் இருக்கும் குழுவில் எண்ணோடு அலகையும் எழுத வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் ‘டோஸ் பேசாதே’ என்று வாயைக் கட்டினால் குழுவே எதற்கு என்று ஆகிவிடும். எண்ணை விட்டுவிட்டு முறையைப் பேசப் பழக்குவதே அட்மினின் உண்மையான வேலை. ‘காய்ச்சல் வந்தா எத்தனை யூனிட் கூட்டணும்?’ என்று கேள்வி வந்தால், ‘காய்ச்சல் நேரத்துல உங்க டாக்டர் எத்தனை மணிக்கொருதரம் செக் பண்ணச் சொன்னாங்க, கீட்டோன் எப்போ பாக்கச் சொன்னாங்க?’ என்று மற்றவர்களைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். பத்துப் பேர் அனுபவம் சொல்வார்கள். கேட்டவர் மறுநாள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியோடு போவார். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் அட்மின் இல்லாத நேரத்தில் உறுப்பினர்களே திருப்பிப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

எண் எழுதியவரை எப்படித் திருத்துவது? செய்தியை அட்மின் அழிக்கலாம். அழித்தால் இன்ன அட்மின் அழித்தார் என்று அந்த இடத்தில் நிற்கும். எழுதியவர் கூனிக் குறுகிப் போவார். பிறகு எழுத மாட்டார். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்த முடியும் என்பதால் முதலில் தனியாக எழுதுங்கள்: ‘அக்கா, நீங்க போட்டது நிறைய பேருக்கு உதவும். யூனிட் எண்ணை மட்டும் எடுத்துடுறீங்களா? யு-40, யு-100 குழப்பத்துல யாரோட பிள்ளைக்காவது சுகர் லோ ஆயிடக் கூடாதுன்னுதான்.’ பெரும்பாலானவர்கள் உடனே மாற்றிவிடுவார்கள். நேரம் தாண்டிவிட்டால் அழித்துவிட்டு, ஏன் என்று தனியே சொல்லுங்கள். குழுவில் வைத்துக் கண்டிக்காதீர்கள்.

இன்சுலினை நிறுத்தச் சொல்லும் செய்திக்கு இந்தப் பொறுமை கிடையாது. டைப் 1இல் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்ந்து, கீட்டோஅசிடோசிஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ‘இன்சுலின் வேண்டாம்’ என்று சொல்லும் யூடியூப் இணைப்பு வந்தால் அந்த நிமிடமே அழிக்க வேண்டும். சித்த மருத்துவத்தைப் பற்றிய வாதத்துக்குள் போகாதீர்கள், அது முடியாது. ‘டாக்டருக்குத் தெரிந்து, ஊசியை நிறுத்தாமல் என்ன சாப்பிட்டாலும் உங்கள் விருப்பம், ஊசியை நிறுத்தச் சொல்வது மட்டும் இங்கே கூடாது’ என்ற ஒரே பதில் போதும். பொடி விற்கிறவர் சட்டம் பேசினால், சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடத்து மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டமே தடுக்கிறது என்று சொல்லி வெளியே அனுப்புங்கள். உறுப்பினர் போடும் செய்திக்கெல்லாம் அட்மின் மீது வழக்கு வருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அடுத்தவர் பதிவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது.

செயலியின் இரண்டாவது பெரிய ஓட்டை இங்கேதான் தெரியும். ஒருவரை மட்டும் ஒரு நாள் பேசவிடாமல் நிறுத்திவைக்க வாட்ஸ்அப்பில் வழியில்லை. எல்லோரும் பேசலாம், அல்லது அட்மின் மட்டும் பேசலாம். இல்லையென்றால் ஆளையே நீக்க வேண்டும். நடுவில் படி கிடையாது. ராத்திரி வாக்குவாதம் முற்றினால் குழுவையே ‘அட்மின் மட்டும்’ என்று மாற்றி, ‘காலை 7 மணிக்குத் திறக்கிறோம்’ என்று ஒரு வரி போட்டுவிடுவது நடைமுறையில் வேலை செய்கிறது. டெலிகிராமில் இந்தத் தலைவலி இல்லை. தனி ஆளைக் கட்டுப்படுத்தலாம், ஒருவரின் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம், நம்பரையும் மறைக்கலாம், புதிதாக வருகிறவர் பழைய உரையாடலைப் படிக்கவும் விடலாம். ஆனால் அங்கே குழு உரையாடல் முனைக்கு முனை குறியாக்கத்தில் இல்லை. அதைவிட முக்கியம், நம் அம்மாக்கள் அங்கே இல்லை. டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற மென்பொருள் இன்னும் நேர்த்தி: புதியவர் கொஞ்சம் படித்து, பழகிய பிறகே ஒவ்வொரு வசதியாகத் திறக்கும். அதற்குச் சர்வர் வேண்டும், மின்னஞ்சல் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

முக்கியமான செய்தியை மேலே குத்திவைக்கும் ‘பின்’ வசதியை முழுசாகப் பயன்படுத்துங்கள். ஒரு குழுவில் மூன்று செய்தி. ஒன்று விதிகள். இரண்டாவது, சுகர் லோ ஆனால் செய்ய வேண்டியது: 70 மி.கி.க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து, 15 நிமிடத்தில் மறுபடி செக், சின்னப் பிள்ளைக்கு டாக்டர் சொன்ன அளவு, மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, சுகரை ஏற்றும் குளுககான் மருந்து இருந்தால் போட்டு 108ஐ அழைக்க வேண்டும். மூன்றாவது: சுகர் ஏறி, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘பின்’ அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். தேதி குறித்துவைத்துப் புதுப்பிக்காவிட்டால் தேவைப்படும் ராத்திரியில் இருக்காது. அங்கேயே ‘இது அவசர உதவிக் குழு அல்ல’ என்றும் எழுதுங்கள். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கேட்டு பதில் வராததை ‘பயப்பட ஒன்றுமில்லை போல’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மனசு குழுவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எப்போதும் கண்ணில் படட்டும்.

புதிதாக வரும் பெற்றோரை வரவேற்க இரண்டு பேரைத் தனியாக நியமியுங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்த அம்மா ‘வணக்கம்’ என்று போட்டதும் நாற்பது பேர் நாற்பது யோசனை சொல்வார்கள். அவர் மிரண்டு சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டுமே வரும். முதல் நாள் அவருக்குத் தேவை ஒரே ஒரு சேதி: ‘நீங்க எதுவும் தப்பு பண்ணலை. சாக்லேட் கொடுத்ததால இது வரலை, உடம்போட நோய் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் செல்களை அழிச்சிடுறதால வருது.’ மாமியாரும் பக்கத்து வீட்டாரும் ஏற்கெனவே குறை சொல்லி முடித்திருப்பார்கள். குழுவிலும் ‘ஏன் கவனிக்கலை?’ என்று ஒருவர் கேட்டால் அதோடு சரி. ‘குறை சொல்லாதே’ என்ற விதிக்கு டோஸ் விதி அளவுக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும்.

காலை வணக்கப் படங்களுக்குத் தடை போடுங்கள். அலுத்துப்போய்க் குழுவை மியூட் செய்தவருக்கு உண்மையான கேள்வியும் கேட்காது. பொங்கல், தீபாவளிக்கு ஒரு நாள் விட்டுவிடலாம். அன்றைக்கும் தடுத்தால் திட்டு வாங்குவீர்கள்.

அட்மின்கள் மூன்று பேராவது இருக்கட்டும், முறை வைத்து. பேச்சுக் குழுவின் ஒரே அட்மின் வெளியேறினால் உறுப்பினர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாக அட்மின் ஆக்கிவிடும். அந்தப் பொடி வியாபாரியாகவும் இருக்கலாம். அட்மின்களின் நம்பர் எல்லோர் கையிலும் இருக்கும் என்பதால் தனி சிம் நல்லது. ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் போட்டுவிட்டால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் அந்த சிம்மின் கடைசித் தேதியையும் ‘பின்’ புதுப்பிக்கும் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.