ஜீப் பாடி வேலை: பிரைமர் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள்

பழைய மஹிந்திரா ஜீப்பை டிங்கரிங், பெயிண்டிங்குக்கு விட நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை, விஷயம் வழக்குக்குப் போகிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வேலையை இன்னும் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

எங்களுடையது எம்.எம்.540. பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் கொண்டுபோன வண்டி. எஞ்சினில் இன்றும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலே மழையும் மூடுபனியும் சேறும் தின்று, டிரைவர் காலடியில் ரோடு தெரிய ஆரம்பித்துவிட்டது.

கோவைப் பக்கம் ஒரு பட்டறையைக் கைகாட்டினார்கள். பேச்சு இதுதான்: துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டு தளம், பக்கவாட்டு, பின் மட்கார்டு எல்லாவற்றுக்கும் 18 கேஜ் சிஆர் ஷீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு), அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம். தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் சேனல்கள் புதிது. பாடியைத் தூக்கி இறக்கி, சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைச் சுரண்டி, பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமர். மொத்தம் 1,80,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது.

வாட்ஸ்அப்பில் படங்கள் மட்டும் குறைவில்லாமல் வந்தன. வெட்டிய தளம், பளபளக்கும் புதுத் தகடு, வெல்டிங் பொறி. நேரில் வருகிறேன் என்றால், "வெல்டர் ஊருக்குப் போயிருக்கான் சார், அடுத்த வாரம் வாங்க." போய் நின்றபோது வண்டி முழுக்க சாம்பல் நிற பிரைமர் ஏறியிருந்தது. பிறகு படங்களை உற்றுப் பார்த்தால், அது எங்கள் வண்டியே இல்லை. எங்களுக்கு ஸ்டெப்னி பக்கவாட்டில் தொங்கும். படத்திலிருந்த பாடியில் அதற்கான போல்ட் ஓட்டைகூடக் கிடையாது.

பெயிண்ட் அருமையாகத்தான் இருந்தது. ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. முதலில் மட்கார்டு வளைவில் கொப்புளம், அப்புறம் ஏறும் இடத்து ஓரத்தில் விரிசல். போடியில் வயதான டிங்கர் ஒருவரிடம் காட்டினேன். பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டங் என்று கேட்க வேண்டிய இடமெல்லாம் டொக், டொக்.

"தம்பி, நாம இன்னும் பட்டியத்தான் தட்டிக்கிட்டு இருக்கோம். தகடு வரல." பட்டி என்றால் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யப் பூசும் பசை (putty).

ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளம் கழன்று விழுந்தது, கனம் 11 மில்லி. பட்டி இரண்டு மூன்று மில்லிக்கு மேல் போகவே கூடாது. அதற்கு அடியில் கோழிவலை. வலைக்குப் பின்னால் ஈரத்தில் ஊறிய செய்தித்தாள், படிக்கிற நிலையில்கூட இருந்தது. அதற்கும் பின்னால் நாங்கள் கொடுத்தனுப்பிய அதே துரு. பட்டி ஈரத்தை இழுக்கும், உள்ளே துரு ஊதிப் பெருக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும். ஜீப்பு வேறு, மேடு பள்ளத்தில் ஏறினால் சேஸ் முறுக்கிக்கொள்ளும். தகடு அதோடு சேர்ந்து வளையும், இவ்வளவு கனமான பட்டி வளையாது, விரிசல்தான் விடும்.

தளம் இன்னும் மோசம். பழையதை வெட்டவே இல்லை. அதன் மேல் துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை (ஜிஐ ஷீட்) விரித்து, சில இடத்தில் ரிவெட், சில இடத்தில் வெல்டிங். ஜிஐ மேல் இருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெண்புகையாக எரிந்துபோகும். அந்த இடத்துக்குக் காப்பும் போய்விடும், ஒட்டும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கினால் வெளியேற வழியே கிடையாது. பிரித்தபோது தோட்டத்துச் செம்மண் இன்னும் ஈரமாக உள்ளே இருந்தது.

எனக்கு நெஞ்சு பதறியது வேறொன்றில். சேஸ் எண் அடித்திருக்கும் இடத்தின் மேல் ஒரு ஒட்டுத்தகடு வைத்து வெல்டு செய்து, மேலே கறுப்புக் கோட்டிங் பூசியிருந்தார்கள். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது ஆய்வாளர் அந்த எண்ணைப் பார்ப்பார். எண் இல்லாத சேஸை வைத்துக்கொண்டு நாம்தான் திருட்டு வண்டி இல்லை என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும். பெரியவர் தகட்டைப் பக்குவமாகப் பிரித்தெடுத்ததால் எண் பிழைத்தது.

போனில் கேட்டதற்குப் பட்டறைக்காரர் பதில்: "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்." அப்புறம் போனே எடுக்கவில்லை.

வேலைக்கு விடுகிறவர்களுக்கு: வெட்டின பழைய தகட்டை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வெட்டியது உண்மையானால் குப்பையாவது இருக்கும். பணத்தை வெல்டிங் முடிந்து வெறும் தகடாக நிற்கும்போது ஒரு பங்கு, பிரைமருக்குப் பிறகு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். வெறும் தகட்டைக் காட்டாமல் பிரைமருக்கு அவசரப்படுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எல்லாப் பக்கமும் ஓட்டிப் பாருங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காது. ஆனால் ஜிஐ ஷீட்டில் காந்தம் நன்றாகவே ஒட்டும், அதை நம்பித் தளத்தை விட்டுவிடாதீர்கள். அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். சேஸ் எண்ணை முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பட்டறை இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நான் தேனியில் போடுகிறேன், அந்த 11 மில்லிப் பாளத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எங்கள் வண்டியின் ஒரிஜினல் விண்ட்ஷீல்டு பிரேமைக் கழற்றிக்கொண்டு மெல்லிசான ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அசல் பிரேமின் இடது மேல்மூலையில் தார்ப்பாய் கட்டுவதற்காக ஒரு குதிரைலாடத் துண்டை வளைத்து வெல்டு செய்திருப்போம். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ அப்படி ஒன்று விலைக்கு வந்தால் தகவல் சொல்லுங்கள்.