கரண்டு கீசரா, கேஸ் கீசரா, விறகு பாய்லரா: மூணையும் மேய்ச்ச அனுபவம்

சேலத்துல எங்க வீடு, ஏற்காட்டுல மாமியார் வீடு, நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. கீழ கரண்டு கீசர், மேல கேஸ் கீசரும் பழைய செம்பு பாய்லரும். மூணையும் பாத்துக்கற வேலை எப்படியோ என் தலையில விழுந்துருச்சு, அதனால எது வாங்கலாம்னு யாராச்சும் கேட்டா வெலைய சொல்ல மாட்டேன், வாங்கினப்புறம் மாசாமாசம் எதைப் பாக்கணும்னு தான் சொல்லுவேன்.

கரண்டு கீசருக்கு சேலத்துல எதிரி உப்புத் தண்ணி. எங்க போர் தண்ணிய பக்கெட்ல ஒரு வாரம் விட்டாலே ஓரத்துல வெள்ளை கோடு விழுது, அதே தான் உள்ள காயில் மேலயும் படியும். 25 லிட்டர், 2000 வாட்னா 20 டிகிரி தண்ணி 60க்கு வர சுமாரா 35 நிமிஷம், அது ஒரு மணி நேரம்னு இழுத்தா, இல்ல உள்ள பொரியற மாதிரி சத்தம் வந்தா, கழட்டி பாக்கற நேரம் வந்துருச்சு. தெர்மோஸ்டாட்ட 60க்கு மேல வைக்காதீங்க, சூடு ஏற ஏற உப்பு வேகமா படியும். டேங்க் துருப்பிடிக்காம இருக்க உள்ள ஒரு மெக்னீசியம் ராடு இருக்கு, டேங்குக்கு பதிலா அது தான் கரையும். போன தடவை கழட்டினப்ப விரல் தண்டி ராடு சைக்கிள் கம்பியா வந்துச்சு, அதுலேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா பாத்துடறேன். இன்னொண்ணு, சூடாகறப்ப சேஃப்டி வால்வுல ரெண்டு சொட்டு விழறது சகஜம், எங்க வீட்டுக்கு வந்த பிளம்பர் ஒருத்தர் லீக்னு நெனச்சு அதுக்கு மூடி போட்டு அடைச்சுட்டு போயிட்டார்! அதை அடைச்சா பிரஷர் போக வழியே இல்ல, டேங்க் வெடிக்கலாம்.

கேஸ் கீசர் தொறந்த உடனே சுடுதண்ணி, கரண்டு போனாலும் ரெண்டு பேட்டரி செல்லுல பத்திக்கும். ஆனா நான் பயப்படறது இதுக்குத் தான். தீ நீலமா எரியணும், மஞ்சளானா பர்னர்ல அழுக்கோ சிலந்தி கூடோ இருக்கலாம், காத்து பத்தாமலும் இருக்கலாம். அப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, நெறமும் கெடையாது. ஒரு மார்கழில மேல போனா பாத்ரூம் வென்டிலேட்டர்ல பழைய பொடவைய சுருட்டி அடைச்சு வெச்சிருக்காங்க. கேட்டா "பனி உள்ள வருதுங்க மாப்ள"ன்னாங்க. கீசரும் அதே பாத்ரூம் செவுத்துல. எனக்கு வேர்த்துருச்சு. கேஸ் டியூப் ஜாயின்ட்ல லீக் இருக்கான்னு சோப்பு நுரை தடவி முட்டை வருதான்னு பாக்கறதெல்லாம் இதுக்கு அடுத்தபடி தான்.

செம்பு பாய்லர் கணக்கு ரொம்ப சிம்பிள். தண்ணி ரொப்பிட்டு தான் நெருப்பு, வெறும் பாய்லர்ல பத்த வெச்சா ஈயம் வெச்ச ஜாயின்ட் விட்டுக்கும். சாம்பல தெனம் தள்ளணும், பொகை போற கொழாய்ல கரி அடையாம பாக்கணும், வெச்சிருக்கற எடம் வெட்டவெளியா இருக்கணும். எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்துல கழிச்ச சுள்ளி கெடைக்கறவங்களுக்கு செலவே இல்ல, ஆனா அஞ்சு மணிக்கு எந்திரிக்க ஆள் வேணும், என்னால முடியாது.

சோலார் சேலம் மொட்டை மாடிக்கு சரி, ஏற்காட்டு பனிமூட்டத்துல துணைக்கு ஒரு கரண்டு காயில் இல்லாம வேலைக்கு ஆகாது.

என்னக் கேட்டா கீழ கரண்டு கீசர், மேல நெரந்தரமா இருக்கறவங்களுக்கு பாய்லர். கேஸ் தான் வேணும்னா பாத்ரூமுக்கு வெளிய மாட்டுங்க. மாமியார் வீட்டுலயும் வெளி செவுத்துக்கு மாத்தியாச்சு. அந்த பொடவை இன்னும் வென்டிலேட்டர்ல தான் இருக்கு, இப்ப இருந்துட்டு போகட்டும்.