வலையமைப்புச் சேமிப்பகம் வைத்திருக்கும் திருகோணமலை அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் ஸ்டூடியோவில் தந்தையார் காலத்து நெகட்டிவ்கள் அனைத்தையும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது. அதன்பின் ஊரார் வீடுகளில் எஞ்சியிருந்த பழைய படங்களை இரவல் வாங்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சேர்த்து வந்தோம். கோணேசர் கோயில் தேர், பத்திரகாளி அம்மன் கோயில் முன்றல், இன்று இல்லாத பலருடைய திருமணங்கள் ஆகியன அவற்றில் இருந்தன. இவற்றை நான்கு 4 டெராபைட் வட்டுகள் கொண்ட ஒரு நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), பல வட்டுகளை ஒன்றாக இணைத்துத் தரவைப் பகிர்ந்து வைக்கும் ரெய்ட் 5 முறையில் வைத்திருந்தேன். கடந்த மாதம் அந்தப் பெட்டியைத் திருத்துவதற்காக நகரிலுள்ள ஒரு கணினிக் கடையை நம்பியதால் ஏற்பட்ட இழப்பு மற்றவர்களுக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரெய்ட் 5 அமைப்பில் ஒரு வட்டின் அளவு பாரிட்டி எனும் சரிபார்ப்புத் தரவுக்குப் போய்விடும். ஆகவே எனக்குக் கிடைத்தது 12 டெராபைட். நான்கில் ஒரு வட்டு பழுதானாலும் மீதி மூன்றிலிருந்து முழுத் தரவையும் மீளக் கணித்துக்கொள்ளலாம். இரண்டாவதும் போனால் வழியில்லை. மழைக்கால மின்வெட்டு ஒன்றுக்குப் பிறகு பெட்டி விடாமல் பீப் ஒலி எழுப்பியபோது, மூன்றாம் வட்டு மட்டுமே பழுதாகி, அமைப்பு 'டிகிரேடட்' நிலையில், அதாவது ஒரு வட்டுக் குறைவோடு ஓடும் நிலையில், இருந்தது. கோப்புகள் அனைத்தும் வழமைபோலத் திறந்தன. அந்த நேரத்திலேயே முக்கியமானவற்றை வெளி வட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்திருக்க வேண்டும். எடுக்காதது என் தவறு. ரெய்ட் இருப்பதையே பிரதி இருப்பதாக எண்ணியிருந்தேன்.

கடையிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர் புதியது என்று சொல்லி ஒரு வட்டைப் பொருத்தி, 45,000 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு தந்தார். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணன், பின்னேரத்துக்குள்ள எல்லாம் சரியாயிரும்" என்றார். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட் வட்டு ஒன்றை நிரப்புவதற்குப் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்பதை அறிந்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் காலை, புதிய வட்டில் தரவை மீள எழுதும் மீள்கட்டமைப்பு வேலை பாதியில் நின்றிருந்தது. பழுதானது அவர் கொண்டுவந்த அதே வட்டுத்தான். அந்த நிமிடம் வரை என் தரவுக்கு எதுவும் நேரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பழைய மூன்று வட்டுகளிலும் அது முழுமையாக இருந்தது.

இரண்டாம் முறை வந்தவர், இணைப்பு சரியில்லை என்று கூறி, எந்த வட்டு எந்த இடத்திலிருந்தது என்று குறிக்காமலே நான்கையும் உருவி மேசைமீது வைத்துத் துடைத்து, மீண்டும் செருகி, நான் ஒரு வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்த வேளையில் புதிய சேமிப்புத் தொகுதி ஒன்றை உருவாக்கிவிட்டார். அதற்கு முன் தரவு அழியும் என்று பெட்டி எச்சரித்திருக்கும். அதை அவர் என்னிடம் காட்டவில்லை. விளக்குகள் நான்கும் பச்சையாக எரிந்தன. கோப்புறைகள் வெறுமையாக இருந்தன. கேட்டபோது, பழைய வட்டுகள் தேய்ந்துபோனதால் தரவு போய்விட்டது என்று சொல்லி, வேலைக்கூலியும் கேட்டார்.

நான் உடனே பெட்டியை அணைத்தேன். புதிய தொகுதி ஒரு வட்டில் பாரிட்டி எழுதத் தொடங்கி, நான்கு விழுக்காட்டை எட்டியிருந்தது. அதாவது ஏறக்குறைய 160 ஜிகாபைட் பரப்பு மேலெழுதப்பட்டுவிட்டது. இரவு முழுவதும் ஓடவிட்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. கொழும்பில் தரவு மீட்பவர் ஒருவர் பழைய மூன்று வட்டுகளையும் முதலில் அப்படியே பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல், பிரதிகளில் மட்டும் வேலை செய்தார். வட்டுகளின் வரிசை தெரியாததால் மூன்று வட்டுகள் நான்கு இடங்களில் அமையக்கூடிய 24 முறைகளிலிருந்து சரியானதைத் தேடவேண்டியிருந்தது. அவற்றை உருவும்போது பேனாவால் நான்கு எண்கள் எழுதியிருந்தால் இந்த வேலையே இல்லை. பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. உப்புவெளிக் குடும்பம் ஒன்று நம்பித் தந்த ஆல்பத்தின் படங்கள் கிடைக்கவில்லை. மூலப் படங்களும் அவர்களிடம் இப்போது இல்லை. அந்த அம்மாவிடம் போய் இதைச் சொன்ன நாளை என்னால் மறக்க முடியாது.

அந்தப் 'புதிய' வட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், திருகாணித் துளைகளைச் சுற்றி வளையம்போல் தேய்ந்த அடையாளமும், இணைப்பு முனையின் பொன்னிறத் தகடுகளில் நீளக் கீறல்களும் தெரிகின்றன. வட்டு தன் பாவனையையும் நலத்தையும் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைத் திறந்தால், அந்த வட்டு 31,000 மணித்தியாலங்களுக்கு மேல், அதாவது மூன்றரை ஆண்டு, ஓடியிருக்கிறது. காசு கொடுக்கும் முன் கடையிலேயே இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. சில விற்பனையாளர்கள் இதையும் பூச்சியமாக்கி விடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பழைய சீகேட் வட்டுகள் அவ்வாறு புதியனவாக விற்கப்பட்டது வெளிவந்தது. தயாரிப்பாளர் தனியே வைக்கும் ஃபார்ம் என்ற பதிவில் உண்மையான மணிக்கணக்கு அழியாமல் இருந்ததால்தான் அது பிடிபட்டது. ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அந்தப் பதிவையும் வாசிக்கலாம்.

மாவட்டச் செயலகத்தில் விசாரித்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும்; தொலைபேசியில் விளக்கம் கேட்க 1977. விசாரணை முடியாததால் கடையின் பெயரை இங்கு எழுதவில்லை. அந்த வட்டும் பற்றுச்சீட்டும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. புதிதாக வட்டு வாங்கியவர்கள் தங்களுடையதைக் கொண்டுவந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டித் தருகிறேன்.