ஆச்சி கைப்பக்குவம் எதில் பிடிபடும்: புத்தகமா, வீடியோவா, மெஸ்ஸா?

நண்பர்கள் குழுவில் யாராவது காரைக்குடிக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னால் போதும், செட்டிநாட்டுச் சமையலை எதிலிருந்து கற்பது என்று மூன்று கட்சி பிரிந்துவிடும். மெஸ்ஸில் நாலு வேளை சாப்பிட்டால் நாக்கே கற்றுக்கொள்ளும் என்பார் ஒருவர். அளவு போட்ட புத்தகம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதே என்பார் இன்னொருவர். வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பது மூன்றாவது கட்சி. இப்போது அதற்குத்தான் ஆள்பலம். பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்த வழக்கு தீராது. பண்டத்துக்குப் பண்டம் ஜெயிக்கிற கட்சி மாறும்.

வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கலாம், மூன்று கட்சியும் தடுமாறுகிற இடம் அதுதான். செட்டிநாட்டில் அதற்குச் சொல்லும் அளவு ஒன்றுதான்: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்துக்கொள்வது. ஆழாக்கு என்பது சுமார் 168 மி.லி. புத்தகம் இதை ‘ஒரு கப் அரிசி, மேலே கோபுரமாக உளுந்து’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். வாய் அகன்ற கிண்ணத்தில் கோபுரம் பெரிதாக நிற்கும், வாய் குறுகிய டம்ளரில் சின்னதாக நிற்கும். உளுந்து கூடினால் பணியாரம் வடை மாதிரி உப்பி எண்ணெய் குடிக்கும். குறைந்தால் தட்டையாக விறைத்துப் போகும். ஆழாக்கு கிடைக்காதவர்கள் 200 மி.லி. கப்புக்குச் சுமார் 2 மேசைக்கரண்டி உளுந்து என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகவே 2 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெயாக அரைத்து, உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மூன்று கரண்டி பால். அவ்வளவுதான் பொருள்.

ஆனால் மாவின் பதத்தை எந்தப் புத்தகமும் சொல்லில் பிடித்ததில்லை. ‘தோசை மாவை விடச் சற்றுக் கெட்டி’ என்று ஒன்று, ‘சற்று நீர்க்க’ என்று ஒன்று. இங்கே வீடியோவுக்குத்தான் வெற்றி. இரும்புக் கடாயில் இரண்டு அங்குல உயரம் எண்ணெய், அதன் நடுவில் ஒரே கரண்டி மாவு. அது அடியில் விரிந்து, ஓரம் சல்லடை பிடித்து, தானே மேலே எழும்பி வருவதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் பத்துப் பக்கம் மிச்சம். மாவு கெட்டியாக இருந்தால் ஓரம் வராது, நடுவில் உருண்டை நிற்கும். ஒவ்வொரு கரண்டியாகப் பால் விட்டுத் தளர்த்தலாம். நீர்த்திருந்தால் சிதறி ஓட்டை விழும். ஒரு கரண்டி பச்சரிசி மாவு கலந்தால் ஓரளவு காப்பாற்றலாம். பார்க்கும்போது பின்னணி இசை இல்லாத வீடியோவாகத் தேடுங்கள். எண்ணெயின் சடசடப்பு அடங்குவதுதான் திருப்பிப் போடும் நேரம், அதன் மேல் புல்லாங்குழலை ஓட்டிவிட்டால் என்ன கற்றுக்கொள்வது?

வீடியோ மறைப்பது வேறொன்றை. அரைத்து முடித்ததற்கும் ஊற்றுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று வெட்டி ஒட்டிய படத்தில் தெரியாது. வெள்ளைப் பணியார மாவு புளிக்கக் கூடாது. காலையில் அரைத்து மாலையில் சுட்டால் நிறம் சிவக்கும், எண்ணெய் ஏறும், பேருக்குத்தான் ‘வெள்ளை’. சர்க்கரை கூடினாலும் அதே கதி. அரைத்த கையோடு சுட வேண்டும் என்ற ஒரு வரி புத்தகத்தில் இருக்கும், வீடியோவில் பெரும்பாலும் இருக்காது.

மெஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டிய பண்டம் மதியக் கூட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

கவுனி அரிசிக்கு வந்தால் புத்தகத்தை அசைக்க முடியாது. பர்மாவுக்கு வட்டித் தொழிலுக்குப் போன செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த கறுப்பு அரிசி இது. இதில் வேலையே காத்திருப்பதுதான், காத்திருப்பதை எவரும் படம் பிடிப்பதில்லை. ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும், நிறம் அதில்தான் இறங்கியிருக்கும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர், குக்கரில் 6, 7 விசில், பிறகு சிறுதீயில் கால் மணி நேரம். விரலால் நசுக்கினால் மசிகிற வரை சர்க்கரையைத் தொடக் கூடாது. முன்னால் போட்டால் அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் அரிசி விறைப்பாகவே நிற்கும். பிறகுதான் தேங்காய்த்துருவல், நெய், ஏலக்காய்.

வெண்டைக்காய் மண்டியிலும் புத்தகத்தின் பக்கமே தராசு சாய்கிறது, ஒரு குறையோடு. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்துச் செய்வது மண்டி. எந்தத் தண்ணீர் என்று பல புத்தகங்கள் சொல்வதில்லை. முதல் கழுநீரில் தூசியும் தவிட்டு வாடையும் இருக்கும், அதைக் கொட்டிவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். கால் கிலோ வெண்டைக்காய்க்கு ஒன்றரை டம்ளர், எலுமிச்சை அளவு புளி, 15 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, பச்சை மிளகாய். காயை வழவழப்பு போக வதக்கிய பிறகே புளித்தண்ணீர். கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள், கழுநீரின் மாவுச்சத்து ஆற ஆற இன்னும் இறுகும்.

கறிக்கு வந்தால் சண்டை சூடு பிடிக்கும். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வருகிற வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. வீடியோக் கட்சியின் பிரம்மாஸ்திரம் அதுதான். அம்மியில் மசாலா அரைபடுகிற விதமும், கறியில் எண்ணெய் பிரிகிற கட்டமும் அதில் தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது. ஆனால் அது ஊருக்கே சமைக்கிற அண்டா. அந்தக் கணக்கை அப்படியே இருபதில் ஒன்றாக வகுத்து அரைக் கிலோவுக்குச் செய்தால் அடி பிடிக்கும். அண்டாவில் குழம்பு ஆழமாக நிற்கும், மேற்பரப்பு குறைவு, தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும். வீட்டு வாணலி அதற்கு நேர்மாறு. தண்ணீரை வகுத்த கணக்கை விட ஒன்றரை மடங்கு வைத்துத் தொடங்கி, மூடி போட்டு வேகவையுங்கள்.

கல்பாசி என்கிற வாசனைப் பொருள் விஷயத்தில் வீடியோவை நம்பவே வேண்டாம். கைநிறைய அள்ளிப் போடுவது படத்துக்கு அழகு. அரைக் கிலோ கோழிக்கு விரல்நகம் அளவில் இரண்டு துண்டு, மராட்டி மொக்கு ஒன்று, இதற்கு மேல் போனால் மண்வாடைதான் மிஞ்சும். எண்ணெயில் பட்டை, சோம்பு பொரிந்த பிறகு கடைசியாகக் கல்பாசி. முதலில் போட்டால் கருகிக் கசக்கும். புத்தகத்தின் ஓட்டை மிளகாயில் இருக்கிறது. ‘வரமிளகாய் 10’ என்று அச்சிட்டிருக்கும். குண்டு மிளகாயா, நீள மிளகாயா? உப்புக்கறி மாதிரி மசாலாப்பொடியே இல்லாமல் மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெயில் நிற்கிற கறிக்கு இது உயிர்நாடி. ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய்தான் சரி: தோல் தடிமன், விதையை உதறிவிட்டு முழுசாகப் போட்டாலும் கறியோடு சேர்த்துக் கடித்துச் சாப்பிடலாம்.

மெஸ் கட்சிக்கு நியாயம் கிடைப்பது இந்த உப்புக்கறியில்தான். கோழிக் குழம்பு, நண்டு மசாலா, மட்டன் குழம்பு என்று மூன்று கிண்ணம் வந்தாலும், கூட்டமான இடங்களில் அடிமசாலா ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. அதை வைத்து நாக்கைப் பழக்கினால் தவறான பாடம்தான். உப்புக்கறிக்கும் கோழி ரசத்துக்கும் ஒளிந்துகொள்ள மசாலா கிடையாது. காரைக்குடியிலேயே பழைய பங்களாக்களில் முன்பதிவு செய்து இலை போட்டுச் சாப்பிடுகிற விருந்தும் இருக்கிறது. வரிசையும் பக்குவமும் தெரிந்துகொள்ள அது நல்லது, மண்டி மாதிரியான சைவப் பதார்த்தங்கள் அங்கேதான் கண்ணில் படும். வெளியூர், வெளிநாட்டு விருந்தாளிகளுக்காகக் காரம் ஒரு படி குறைந்திருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஸ்ஸுக்குப் போகிறவர்கள் மதியம் ஒரு மணிக்குள் உட்கார்ந்துவிடுவது உத்தமம். இரண்டரைக்கு மேல் வருகிற உப்புக்கறி சூடேற்றிச் சூடேற்றி வறுவலாகியிருக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் அதே பதத்துக்கு வற்றவிடுகிறவர்கள்தான் குழுவில் வந்து கறி ரப்பராகிவிட்டது என்று புலம்புகிறார்கள்.