உணவு ஸ்டார்ட்அப்புகளுக்கான ஆக்சிலரேட்டர்: சேரலாமா?

விளைச்சல் மிஞ்சும்போது வீணாகப்போகும் தக்காளியைக் கூழாக்கிப் புட்டியில் அடைப்பது எங்கள் கூட்டுறவின் வேலை. உறுப்பினர்கள் எல்லோரும் விவசாயிகள். தொழில்நுட்பப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சமூக நோக்கோடு இயங்கும் உணவுத் தொழில்நுட்பக் குழுக்களுக்கென்றே நடக்கும் ஓர் ஆக்சிலரேட்டரில், அதாவது புதிய தொழில்களுக்குக் குறுகிய காலத்தில் பயிற்சியும் ஆலோசனையும் தரும் திட்டத்தில், எங்களுக்கு இடம் கிடைத்து, மூன்று மாதப் பயிற்சி சமீபத்தில்தான் முடிந்தது. விண்ணப்பிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

அங்கே இருந்ததிலேயே சிறந்தது ஆய்வகம்தான். முதல் வாரத்தில் எங்கள் ஸ்லைடுகளை யாரும் கேட்கவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் நேராகக் கூழை எடுத்துவரச் சொல்லி, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரைக் கையில் கொடுத்தார். தக்காளி புளிப்பான பழம், அதனால் பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பிஎச் 4.6 என்பது ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேலே போனால், அதாவது புளிப்பு குறைந்தால், காற்றில்லாத புட்டிக்குள் பொட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்க வாய்ப்பிருக்கிறது. தக்காளியோ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும். ரகத்தைப் பொறுத்தும் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். எனவே ஒவ்வொரு தொகுதியையும் அளந்து, சிட்ரிக் அமிலம் சேர்த்து, மறுபடியும் அளக்க வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் பிஎச் அளவு 4, 7 என்று முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களில் மீட்டரைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு முறையும் அதன் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவுவது, எல்லாவற்றையும் எங்கள் உறுப்பினர்களே செய்து பழகினார்கள். பயிற்சிக்கு என்னை மட்டும் அழைக்காமல் புட்டி நிரப்புகிறவர்களையும் அழைத்தார்களே, அதற்காகவே இந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுவேன்.

ஹாசப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறையின் வகுப்பும் அப்படித்தான் நடந்தது. 1960களில் நாசாவின் விண்வெளி உணவுக்காக உருவான முறை அது. முடிந்த பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதைவிட, எந்தப் படியில் ஆபத்து நுழைகிறதோ அந்தப் படியிலேயே தடுப்பதுதான் அதன் அடிப்படை. பழம் எடை போடும் இடத்திலிருந்து மூடி திருகும் இடம் வரை எங்களைக் கூடவே நடக்கவைத்து விளக்கினார்கள். கூழைச் சூடாக ஊற்றி மூடியதும் புட்டியை ஏன் கவிழ்த்து வைக்கிறோம் என்பது எங்கள் குழுவில் பலருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மூடியின் உள்பக்கத்திலும் அந்தச் சூடு பட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, குறைகளுக்கு வருவோம். மூன்று மாதம் என்ற கணக்கே உணவுக்குச் சரிப்படாது. 2005இல் ஒய் காம்பினேட்டர் என்ற அமெரிக்க ஆக்சிலரேட்டர் தொடங்கிவைத்த அச்சு அது. மென்பொருளை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதிவிடலாம். அறுவடையை அப்படி நகர்த்த முடியுமா? எங்கள் பருவம் முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்கியது. உறைய வைத்த பழத்தைக் கொண்டுதான் பாதி சோதனைகளைச் செய்தோம். ஷெல்ஃப் லைஃப், அதாவது பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் கதையும் இதேதான். வெப்பத்தைப் பத்து டிகிரி கூட்டினால் பல வேதிவினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்ற கணக்கில் துரிதச் சோதனை செய்யலாம். நிறமும் சுவையும் எப்படி மாறும் என்று அதில் ஓரளவு தெரியும். ஆனாலும் சாதாரண வெப்பத்தில் முழுக் காலமும் வைத்துப் பார்க்காமல் லேபிளில் தேதி போடக் கூடாது. அந்தப் புட்டிகள் அலமாரியில் இருக்கும்போதே எங்களுக்கு ஆய்வக அனுமதி முடியவிருந்தது. விடாமல் கேட்டுத்தான் நீட்டிப்பு வாங்கினோம்.

இதைவிடப் பெரிய மனக்குறை ஒப்பந்தத்தில். வழக்கமான படிவத்தில் எங்கள் தொழிலின் உரிமையில் ஆறு சதவீதப் பங்கு கேட்டிருந்தார்கள். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் முன்னோடிகள் தங்கள் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய காலத்திலிருந்து கூட்டுறவு என்றால் ஆளுக்கு ஒரு வாக்குதான். பணம் போட்டவருக்குக் கூடுதல் குரல் கிடையாது. இதை விளக்கியபோது அவர்களுடைய சட்ட ஆலோசகர், தனியாக ஒரு கம்பெனி தொடங்கிக் கூட்டுறவை வெறும் சப்ளையராக வைத்துக்கொள்ளலாமே என்றார். உறுப்பினர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். விற்பனையில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட உச்சவரம்பு வரை திருப்பித் தருவது என்று கடைசியில் முடிவானது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டாவது மாதம் முழுவதையும் இந்தப் பேச்சுவார்த்தையே விழுங்கிவிட்டது. சமூகத்துக்காக என்று விளம்பரம் செய்கிறவர்கள் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கான படிவத்தை விண்ணப்பத்தோடேயே வைத்திருக்க வேண்டும்.

மென்டர்கள், அதாவது வழிகாட்டிகள், நிறையப் பேர் வந்தார்கள். உருப்படியாகச் சொன்னவர்கள் சிலர்தான். அப்புறம், 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்ற ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கை எல்லாக் குழுவும் முதல் ஸ்லைடில் போட்டது. அது கடை, உணவகம், வீடு ஆகிய மூன்று இடங்களில் வீணாவதன் கணக்கு. அதிலும் சுமார் 60 சதவீதம் வீடுகளில். வயலிலும் அறுவடைக்குப் பிறகு கடைக்கு வரும் வழியிலும் போவது அதில் சேராது. எங்களைப் போல வயல் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அந்த எண் பொருந்தாது என்று எந்த மென்டரும் சொல்லவில்லை. எங்கள் ஸ்லைடிலிருந்து நாங்களே எடுத்துவிட்டோம்.

குழுக்கள் தங்கள் பொருளை எடுத்துக்காட்டும் டெமோ டேயில் முதலீட்டாளர்களோடு பெரிய சமையற்கூடங்களுக்குக் கொள்முதல் செய்பவர்களையும் அழைத்திருந்தது நல்ல யோசனை. முதலீட்டாளர்கள் எத்தனை மடங்கு வளருவீர்கள் என்று கேட்டார்கள். கொள்முதல்காரர் ஒருவர் உப்பு அளவு எப்போதும் ஒரே மாதிரி இருக்குமா, ஐந்து கிலோ பையில் தருவீர்களா என்று கேட்டார். எங்கள் முதல் மொத்த ஆர்டர் அவரிடமிருந்துதான் வந்தது.

கையில் பொருள் தயாராக இருந்து, பாதுகாப்பிலும் தரத்திலும் சந்தேகங்கள் உள்ள குழுவென்றால் தாராளமாகச் சேரலாம். யோசனை மட்டும்தான் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள். கூட்டுறவாகவோ உற்பத்தியாளர் குழுவாகவோ இருப்பவர்கள் பங்குக்குப் பதிலாக என்ன ஏற்பாடு என்று நேர்காணலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த பிறகு எத்தனை மாதம் ஆய்வகத்தைப் பயன்படுத்தலாம் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.