ராணுவ பென்ஷன் குடும்பங்களே, டிஸ்சார்ஜ் புக்கை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2023 மே மாதம், 62 வயதில், மாரடைப்பில் தவறிவிட்டார். வேலூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் வட்டாரம். பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பட்டாளத்துக்காரர் குடும்பத்தை ஏமாற்றவே ஒரு ஆள் கடை போட்டு உட்கார்ந்திருப்பான் என்று நாங்கள் நினைக்கவில்லை. அம்மாவைப் போல இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் அந்த ஆள் வீடு தேடி வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூவர்ணம் தீட்டிய போர்டோடு அவருக்கு ஒரு கடை உண்டு. "நானும் பட்டாளத்தான்தாம்மா. அண்ணனை கேன்டீன்ல பாத்திருக்கேன். இப்ப எல்லாம் ஸ்பர்ஷ்ல ஏறிடுச்சு. பிரயாக்ராஜ்ல ஆள் வச்சு முடிக்கணும், இல்லாட்டி வருஷக்கணக்கா இழுக்கும்" என்றார். ஸ்பர்ஷ் என்பது ராணுவ பென்ஷனுக்கான அரசு இணையதளம். பென்ஷனை அனுமதிக்கும் பி.சி.டி.ஏ. அலுவலகம் இருக்கும் ஊர் பிரயாக்ராஜ், பழைய அலகாபாத்.

"எவ்ளோ ஆகும் தம்பி?" என்று மட்டும்தான் அம்மா கேட்டார்.

15,000 ரூபாய் முன்பணம். அரியர் வந்ததும் தனியாக ஒரு தொகை. அம்மா உள்ளே போய் அப்பாவின் கறுப்புப் பெட்டியைத் திறந்தார். மூடியில் வெள்ளை பெயின்டில் அப்பாவின் நம்பரும் பெயரும் இருக்கும். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அதில் சுற்றித்தான் டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் பணி விவரப் புத்தகத்தை, அப்பா வைத்திருந்தார். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டிய பென்ஷன் உத்தரவு, பி.பி.ஓ.வும் அதனுள்ளேயே இருந்தது. இரண்டையும் அசலாகவே தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். போனில் சொன்னபோது "சரிம்மா" என்றேன். ஜெராக்ஸ் கொடு என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

செப்டம்பரில் பணம் வந்தது. அப்பா வாங்கிய தொகைக்கு ஏறக்குறைய சமமாகவே வந்தது. "சாதாரணமா இவ்ளோ குடுக்க மாட்டாங்க, நான் பேசி ஏத்தி வாங்கினேன்" என்று சொல்லி மேலும் 12,000 வாங்கிக்கொண்டார். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார்.

அவர் எதையும் ஏற்றி வாங்கவில்லை. ஓய்வு பெற்றபின் ஒருவர் தவறினால், கடைசிச் சம்பளத்தில் பாதி அளவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஏழு வருடம் வரும். அதற்குள் இறந்தவருக்கு 67 வயது ஆகும் தேதி வந்துவிட்டால் அதுவரை. பிறகு 30 சதவீதமாகக் குறையும். இது எல்லாருக்கும் உள்ள விதி. அந்தத் தேதிக்குப் பிறகு தொகை குறையும் என்பதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. மனைவியின் பெயர் பி.பி.ஓ.விலேயே இருந்தால், இறப்புச் சான்றிதழோடு ஸ்பர்ஷில் தகவல் கொடுத்து மாற்ற வேண்டிய வேலைதான் இது. ஸ்பர்ஷ் சேவை மையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது.

போனது 27,000 ரூபாய் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள்.

விண்ணப்பத்தில் அம்மாவின் மொபைல் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தன் எண்ணைப் போட்டிருக்கிறார். லாகின், பாஸ்வேர்ட் எல்லாம் அவர் போனுக்கே போயின. ஆதார் ஓ.டி.பி. அம்மா போனுக்கு வரும்போதெல்லாம் கூப்பிட்டுக் கேட்பார்; அம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்வார்.

2024 நவம்பரில், பென்ஷன் தொடர, உயிரோடு இருப்பதற்கான லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருந்தது. அம்மா முப்பது வருடம் பீடி சுற்றியவர். விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். அவர் கடையில் மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் பதியவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தாராம். எப்படியோ கடைசியில் ஒரு விரல் பதிந்தது, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு "முடிஞ்சுதும்மா" என்று அனுப்பிவிட்டார். ஆனால் ஓய்வூதியம் வழங்குவது யார் என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷைத் தேர்வு செய்யாமல் பேங்க் பெயரைப் போட்டுவிட்டார். சான்றிதழ் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதைப் பற்றி வந்த மெசேஜ்களும் அவர் போனுக்கே. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

2025 பிப்ரவரியில் பென்ஷன் வரவில்லை. மார்ச்சிலும் இல்லை. அம்மா பி.பி. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல். நான் ஊருக்கு வந்து மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கடைக்காரரைப் போய்க் கேட்டால், லாகினைத் தர 10,000 ஆகும் என்கிறார்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு, நாமெல்லாம் சைனிக் போர்டு என்று சொல்கிறோமே, அங்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த நல அமைப்பாளரும் ஓய்வு பெற்ற சுபேதார்தான். அம்மாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கதையும் கேட்டார். "முதல் நாளே இங்க வந்திருக்கலாமேம்மா" என்றார். ஸ்பர்ஷ் சேவை மையத்தில் ஆதாரைச் சரிபார்த்து அம்மாவின் மொபைல் எண்ணை ஏற்றினோம். லைஃப் சர்டிபிகேட்டை அன்றே என் போனில் போட்டோம். ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் இருந்தால் விரல் ரேகையே தேவையில்லை. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் போதும். 2021-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. ரேகை தேய்ந்த எத்தனை அம்மாக்கள் இது தெரியாமல் கடை கடையாக அலைகிறார்களோ. செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அனுமதி அளித்தவர் என்ற இடத்தில் பி.சி.டி.ஏ. பென்ஷன், அலகாபாத், வழங்குபவர் என்ற இடத்தில் ஸ்பர்ஷ். நின்றுபோன மாதங்களின் பணமும் சேர்ந்து வந்துவிட்டது.

வராதது ஒன்று உண்டு. அப்பா தவறிய வருஷம் முடிவதற்குள் தங்கை கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்று 2024 தை மாதம் கடன் வாங்கி முடித்தோம். ஹவில்தார் ரேங்க் வரை உள்ளவர்களின் மகள் கல்யாணத்துக்கு மத்திய சைனிக் போர்டு அப்போது 50,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. 2025-ல் வந்த புது உத்தரவுக்குப் பிறகு நடக்கும் கல்யாணங்களுக்கு, அந்த நவம்பரிலிருந்து விண்ணப்பித்தால், அதை ஒரு லட்சமாக்கியிருக்கிறார்கள். கல்யாணமான 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், டிஸ்சார்ஜ் புக்கும் வேண்டும். புக் கடைக்காரரிடம் இருந்தது. கல்யாணச் சமயத்தில் அம்மா இதைப் பற்றி அவரிடமே கேட்டிருக்கிறார். "பென்ஷன் வாங்கறவங்களுக்கு அதெல்லாம் கிடையாதும்மா" என்று சொல்லியிருக்கிறார். அது பொய். சைனிக் போர்டில் எங்களுக்கு விவரம் தெரிந்தபோது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அந்தக் கடனுக்குத் தங்கை வீட்டுக்காரர் இன்னும் வட்டி கட்டுகிறார்.

உங்கள் வீட்டில் பட்டாள பென்ஷன் வாங்குபவர் இருந்தால், இன்றைக்கே ஸ்பர்ஷில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். யாராவது ஓ.டி.பி. கேட்டுக் கணக்கில் கைவைத்திருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். கைம்பெண் அடையாள அட்டை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டை மனைவி பெயருக்கு மாற்றுவது, பிள்ளைகளின் படிப்பு உதவி, எதுவாக இருந்தாலும் முதலில் சைனிக் போர்டு. வயதானவர்களைத் தனியாக அனுப்பாமல் ஒருநாள் லீவு போட்டுக் கூடப் போங்கள். நான் அந்த ஒருநாள் லீவைப் போடவில்லை.

பி.பி.ஓ. தொலைந்தாலும் ஸ்பர்ஷிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், எடுத்துவிட்டோம். டிஸ்சார்ஜ் புக் அப்படியில்லை. கேட்கும்போதெல்லாம் "எங்கேயோ வச்சிட்டேன், தேடித் தரேன்" என்கிறார் கடைக்காரர். போலீசில் புகார் கொடுத்து, புகார் ரசீதான சி.எஸ்.ஆர். வாங்கி, மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆவணங்கள் இருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு நகல் கேட்டு எழுதியிருக்கிறோம். நகல் வந்தால் சலுகைகளுக்குப் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அதுல இருக்கற போட்டோ வருமா?" என்று கேட்டார்.